ஒன்பது பேர், பதினான்கு மிளகாய்

பட்டப்பெயர் என்பது அன்பின் அடையாளம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வயதிலும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. போன மாதம் டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு வளைகாப்பு விருந்தில் ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் அதைச் சொன்னார். அவருடைய ஆபீஸ் கேன்டீனில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள் ஒருவரையொருவர் குண்டா, ஒல்லி, மொட்டை என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்களாம்.

"அவங்க கல்ச்சர்ல அது ரொம்ப ஸ்வீட் அங்கிள். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ப்யூர் லவ்."

தட்டில் இருந்த இரண்டு வடைகளையும் தொடாமல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1981-இல் நான் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். படித்தது கணிதத்தில் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. செய்த வேலை, ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் திருகுகளையும் எண்ணி ஒரு ஜன்னல் வழியாக அசெம்பிளிக்குக் கொடுப்பது. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இன்றைக்கும் மாத்திரை டப்பாவை இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் மூடுகிறேன். அதற்காக யாரும் என்னைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

என் பெயர் தமிழில் ஏழு எழுத்து. கம்பெனியில் இருந்த அமெரிக்கர்கள் முதல் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் தூக்கிப் போட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. முதல் நாளே ஒருவர், "இப்படிக் கூப்பிட்டா ஈஸியா இருக்கும், இல்லையா?" என்றார். யாருக்கு ஈஸி என்று நான் கேட்கவில்லை.

ஸ்டோர்ஸிலும் பேக்கிங்கிலும் என்னோடு எட்டுப் பேர். எட்டுப் பேரும் மெக்சிகோக்காரர்கள், எட்டுப் பேருக்கும் பட்டப்பெயர். பெயர் வைக்கும் உரிமை பேக்கிங்கில் இருந்த ஒரு பெரியவருக்கு. அவருக்கு இடது காது கேட்காது. ஆகவே அவர் பெயர் சோர்தோ, அதாவது செவிடன். முடி கொட்டியவர் பெலோன், மொட்டை. கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய முடியும் என்ற அளவுக்குப் பருத்தவர் ஃப்ளாக்கோ, ஒல்லி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவருக்கு இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலம் கீழே இறங்கியிருக்கும். அவர் சுவேக்கோ. கோணல் என்று அர்த்தம்.

முதல் வாரத்திலேயே எனக்கு இது பிடிக்காமல் போயிற்று. ஒரு மனிதனின் உடம்பில் எது குறையோ அதையே பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் கூப்பிடுவதா? நம் ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒன்று வைத்தார்கள். அது என்ன என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். அதில் அன்பு இருந்ததா என்று தெரியும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

ஆகவே நான் மட்டும் சட்டைப் பையில் தொங்கிய அட்டையைப் பார்த்து, அதில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மற்ற ஏழு பேரும் திரும்பினார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் மட்டும் திரும்ப மாட்டார். இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட வேண்டும். அப்புறம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதைப் போல நிதானமாகத் தலையைத் திருப்புவார். மரியாதையாகக் கூப்பிட்டால் மதிக்க மாட்டார், கோணல் என்று சோர்தோ கத்தினால் ஓடுவார். இது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எனக்குப் பெயர் வைத்தது ஒரு மதிய உணவு வேளையில். நான் தயிர்சாதம் கொண்டுபோவேன், அவர்கள் தகரத் தட்டில் சுட்ட பச்சை மிளகாய் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அன்றைக்கு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தட்டு என் முன்னால் வந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. பழக்கம். "பதினாலு இருக்கு. நாம ஒன்பது பேர். ஆளுக்கு ஒண்ணு, அஞ்சு மிச்சம்," என்றேன்.

சோர்தோ நல்ல காதை என் பக்கம் திருப்பி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். சுவேக்கோ அதை ஸ்பானிஷில் சொன்னார். சோர்தோ இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டி, "குவெந்தாச்சிலெஸ்!" என்று கத்தினார். ஃப்ளாக்கோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினார்.

மிளகாய் எண்ணுகிறவன். அவர்கள் ஊரில் அது ஏற்கெனவே புழங்கும் சொல். மனைவி கையில் மிளகாயைக்கூட எண்ணிக் கொடுக்கும் கஞ்சப் புருஷனை அப்படிச் சொல்வார்களாம். பெலோன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"நான் கஞ்சன் இல்லை," என்றேன்.

"இல்லை ஹெஃபே, இல்லை. யாரு சொன்னா?" என்றார் சோர்தோ. ஹெஃபே என்றால் முதலாளி. "ஆனா பேரு பொருத்தமா இருக்கே."

"அப்படிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்."

"அய்யோ, கோவிச்சுக்கிட்டாரு," என்றார் சோர்தோ மற்றவர்களிடம், ரொம்ப வருத்தமாக. "இனி மாத்தவே முடியாது."

அதுதான் அவர்கள் சட்டம். சிரித்தால் பெயர் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும், கோபப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். நான் கோபத்தை விடவில்லை, அவர்கள் பெயரை விடவில்லை. ஆறு வருஷம் அந்தச் சொல்லுக்கு நான் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று ஐந்து முறை கூப்பிடுவார்கள். கேட்காததுபோல் திருகு எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து தொடங்குவேன்.

இவர்களுடைய பெயர்களை எல்லோரையும்விட அதிகமாக ரசித்தவர், வேலைக்கு ஆள் சேர்க்கும் எங்கள் பெர்சனல் மேனேஜர். நல்ல உயரம், நல்ல பல். தினமும் காலையில் காபிக் கோப்பையோடு, சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் டாக் வழியாக நடப்பார். "மார்னிங், ஃப்ளாக்கோ! மார்னிங், சுவேக்கோ!" உச்சரிப்பு தப்பு, உற்சாகத்துக்குக் குறைவில்லை. கம்பெனி சாஃப்ட்பால் அணியில் சுவேக்கோவைச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். இறங்கிய தோளோடு பந்தை எப்படி அவ்வளவு தூரம் எறிகிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், சொல்லும்போது அந்தத் தோளையே தட்டுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரீகன் காலத்துப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. எண்பத்திரண்டு பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த நாட்டில் காகிதம் இல்லாமல் வாழ்ந்தவர்கள், அதை நிரூபித்தால் முறையாகத் தங்கலாம், கிரீன் கார்டுக்கும் வழி உண்டு. நிரூபிக்காவிட்டால் இல்லை. மனு கொடுக்கக் கெடுவும் வைத்திருந்தார்கள்.

எண்பத்தேழு கோடையில் சுவேக்கோ என் ஜன்னலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அட்டையில் இருப்பது தன் பெயர் இல்லை என்றார். வேலைக்குச் சேரும்போது உறவினர் ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் காட்டிச் சேர்ந்தாராம். தன்னுடைய பெயர் இது என்று ஒன்றைச் சொன்னார். நான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆக, அந்த டாக்கில் அவரை மரியாதையாகக் கூப்பிட்டவன் நான் ஒருவன், கூப்பிட்டது வேறு எவனுடைய பெயரையோ. யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே, ஹெஃபே. எல்லாருக்கும் சுவேக்கோ போதும்."

மனைவியும் இரண்டு பெண்களும் இங்கேதான் இருந்தார்கள். பெரியவள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். காகிதம் கிடைக்காவிட்டால், புதுச் சட்டப்படி இனி வேலைக்குச் சேரும் இடத்தில் எல்லாம் சரிபார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்பத்தொன்றிலிருந்து இங்கே வேலை செய்தவர் இவர்தான், வேறு பெயரில் செய்தார் என்று கம்பெனி ஒரு கடிதம் தர வேண்டும். அவ்வளவுதான். கேட்கத் துணைக்கு வர முடியுமா என்றார்.

பெர்சனல் மேனேஜர் அறைக்கு இருவரும் போனோம். சுவேக்கோ தன் உண்மைப் பெயரை எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை அவர் வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல இங்க யாரும் வேலை பார்க்கலை."

"வேற பேர்ல பார்த்தார். அதைத்தான் சொல்றோம். இதோ நிக்கிறார், உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சுவேக்கோ பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. காகிதத்தைப் பார்த்தபடியே, "இந்த மனுஷன் யாருன்னு எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

இரண்டடி தூரம். தினமும் காலையில் தட்டிய தோள். சுவேக்கோ நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நான் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் காலை காபிக் கோப்பை வந்தது. "மார்னிங், சுவேக்கோ!"

ஜன்னலிலிருந்து தலையை நீட்டினேன். "நேத்து தெரியாதுன்னீங்களே. இப்ப யாருக்கு மார்னிங் சொன்னீங்க?"

"பேரு தெரியாதுன்னு அர்த்தம்," என்றார், சிரிப்பு மாறாமல். "அதை நீங்க புரிஞ்சுக்கணும்."

புரிந்துகொண்டேன். ப்யூர் லவ்.

கம்பெனி தராவிட்டால் சாட்சிகள் தரலாம் என்று, கிழக்கு டாலஸில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் மனு எழுதிக்கொடுத்த அம்மாள் சொன்னார். மற்ற ஏழு பேரில் ஐந்து பேர் சுவேக்கோவைப் போலவே காகிதத்துக்குக் காத்திருப்பவர்கள். மெக்சிகோக் குடும்பம் என்றாலும் டெக்சஸிலேயே பிறந்த சோர்தோ கையெழுத்துப் போட்டார், ஃப்ளாக்கோவும் போட்டார். ஆனால் வேலையை மேற்பார்த்தவர் ஒருவர் சத்தியம் செய்து எழுதினால்தான் நிற்கும் என்றார் அந்த அம்மாள்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் மனைவி வாணலியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க, நமக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வர்ற நேரம். இந்த ஆளு கள்ளப் பேர்ல வேலை பார்த்தான், எனக்குத் தெரியும்னு நீங்க போய் கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. இப்பத்தான் தெரிஞ்சுது."

"ஆறு வருஷம் கூடவே இருந்துட்டுப் பேரு தெரியாதுன்னா எவன் நம்புவான்? வேலையும் போச்சுன்னா? உங்களைக் கஞ்சன்னு கூப்பிடறவங்களுக்காகவா?"

இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். தைரியத்தால் அல்ல. அந்த மேனேஜரின் பல் வரிசை கண் முன்னாலேயே நின்றது, தூக்கம் வரவில்லை, அதனால் போட்டேன்.

விண்ணப்பதாரரை எந்தப் பெயரில் அறிவீர்கள் என்று சாட்சிப் படிவத்தில் ஒரு கேள்வி. அட்டைப் பெயர், சொந்தப் பெயர், சுவேக்கோ, மூன்றையும் எழுதினேன். கோணல் என்பதற்குக் காரணம் எழுத வேண்டுமே, ஏன் தோள் அப்படி ஆனது என்று அவரிடம் கேட்டேன். பன்னிரண்டு வயதில் கரும்பு லாரியிலிருந்து விழுந்து தோளெலும்பு உடைந்ததாம், வைத்தியர் இல்லாமல் தானாகச் சேர்ந்ததாம். நாள் முழுவதும் அந்தத் தோளைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. சோர்தோவிடம் கேட்டேன். "பொறந்ததிலிருந்தே அப்படின்னு நினைச்சேன்," என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

பொதுமன்னிப்புக்கென்றே குடியேற்றத் துறை தனி அலுவலகம் திறந்திருந்தது. ஒரு மரச்சாமான் கடைக்கும் ஒரு சலவைக்கடைக்கும் நடுவில். நாற்பது நாற்காலி, உட்கார்ந்திருந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். சுவேக்கோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சட்டையின் இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது. அவரை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். சாட்சிகளுக்கு வேலை இருக்காது, சும்மா துணைக்கு வாருங்கள் என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்திருந்தார்.

சிறிது நேரத்தில் அதிகாரி வெளியே வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, ஸ்பானிஷ் அவருக்கு வீட்டு மொழி என்பது பேச்சிலேயே தெரிந்தது. கையில் என் சாட்சிக் காகிதம். என்னை நடைக்கூடத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"இவரை ஆறு வருஷமா தெரியும்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க பேரு என்னன்னு அவர்கிட்ட கேட்டேன். தெரியலை."

நான் டையின் முடிச்சைச் சரிசெய்தேன்.

"காசு வாங்கிட்டுக் கையெழுத்துப் போடறவங்களை நான் தினமும் பார்க்கிறேன் சார். அவங்களுக்கும் இப்படித்தான், ஒருத்தர் பேரு இன்னொருத்தருக்குத் தெரியாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவேக்கோ தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் என் ஏழெழுத்துப் பெயரைச் சொன்னேன், என் டிரைவர் லைசென்ஸை நீட்டினேன். அதிகாரி வாங்கவில்லை.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியுதான்னுதான் கேள்வி. வேலையில உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

அமெரிக்கர்கள் வைத்த இரண்டெழுத்தைச் சொன்னேன்.

"அது இல்லை. அவர் வேற ஒண்ணு சொன்னார்."

என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் ஸ்பானிஷ் தெரியும். முதல் வகுப்பில் தேறியவன், டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அரசாங்கத்தின் முன்னால் நின்று என்னை நானே கஞ்சன் என்று அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒருமுறை நின்ற மாதிரியே நின்றேன். அந்தத் தோளை ஒருமுறை பார்த்தேன்.

"குவெந்தாச்சிலெஸ்," என்றேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. "ஏன் அந்தப் பேரு?"

சொன்னேன். சாப்பாட்டு மேசை, தகரத் தட்டு, சுட்ட மிளகாய்.

"எத்தனை மிளகாய்?"

"பதினாலு."

அவர் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். "அவர் ஒரு டஜன்னு சொன்னார்."

"தப்பு!" என் குரல் எழும்பிவிட்டது. "டஜன் இல்லை. பதினாலு. நாங்க ஒன்பது பேர். ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் அஞ்சு. டஜன்னா மிச்சம் மூணுதானே வரும்? நான் அஞ்சுன்னு சொன்னதுக்குத்தான் இந்தப் பேரே வெச்சாங்க. அவர்கிட்ட மறுபடி கேளுங்க. அவர் எதையும் சரியா எண்ணினதில்லை, ஃபோர்க்லிஃப்ட்ல எத்தனை பெட்டி ஏத்தினார்னு கேட்டாலும் சுமாராத்தான் சொல்வார், ஆறு வருஷமா நான்தான் திரும்ப எண்ணறேன்..."

நடைக்கூடம் முழுவதும் எங்களைப் பார்த்தது. அதிகாரி பேனாவை உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டார். "போதும் சார்," என்றார். "போதும். உட்காருங்க."

உள்ளே போனார். கண்ணாடி வழியாக அவர் முத்திரை குத்துவதைப் பார்த்தேன். இரண்டு முறை குத்தினார்.

திரும்பி வரும் வழியில் காரில் சுவேக்கோ என் உண்மையான பெயரைக் கேட்டார். சொன்னேன். மூன்று முறை முயன்றார். மூன்றும் தப்பு. விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் விருந்தில் அந்த இளைஞர் சொன்னது சரியென்று ஆகிவிடும். முடியவில்லை. தற்காலிக அட்டை கையில் வந்ததும் சுவேக்கோ நேர்மையாக அதைப் பெர்சனல் அறையில் கொண்டுபோய்க் காட்டினார், தன் பெயரைத் திருத்தச் சொன்னார். மேனேஜர் திருத்தவில்லை. பழைய பெயர்க்காரர் வேலையை விட்டுவிட்டதாகவும் புதிய பெயர்க்காரர் இன்று சேர்ந்ததாகவும் எழுதிக்கொண்டார். ஆறு வருஷ சர்வீஸ் பூஜ்யம். சம்பளம் முதல் படியிலிருந்து, விடுமுறை மறுபடி ஒரு வருஷம் கழித்து. நான் சண்டைக்குப் போனேன். "இந்த மனுஷன் இங்க இதுக்கு முன்னாடி வேலை பார்த்ததா எங்ககிட்ட ரெக்கார்டு இல்லையே," என்றார். அரசாங்கம் நம்பிவிட்டது, கம்பெனி நம்பவில்லை. அந்தக் கட்டடத்தில் ஆறு வருஷ சர்வீஸ் இருந்தது கோணல் என்ற சொல்லுக்கு மட்டும்.

மறுநாள் காலை காபிக் கோப்பை வந்தது.

"மார்னிங், சுவேக்கோ!"

சுவேக்கோ ஃபோர்க்லிஃப்டை நிறுத்தவில்லை, திரும்பவுமில்லை. நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். "அவருக்குப் பேரு இருக்கு. நேத்து நீங்களே உங்க கையால எழுதினீங்க. நேத்து சேர்ந்த ஆளோட பட்டப்பேரு இன்னைக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தார். "ஓகே, ஓகே. கோவிச்சுக்காதீங்க, குவெந்தாச்சிலெஸ்."

டாக்கில் யாரும் சிரிக்கவில்லை. சோர்தோ டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்க என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது," என்றேன்.

"ஏன்? எல்லாரும் கூப்பிடறாங்களே."

"அந்த மேசையில ஒன்பது பேர் இருந்தோம்," என்றேன். "நான் எண்ணினேன். நீங்க இல்லை."

ஜன்னலின் தகரக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெளியே சோர்தோ குவெந்தாச்சிலெஸ் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திறக்கவில்லை. கையில் பாதி எண்ணிய திருகுகள் இருந்தன, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.